காரணம் எந்தப் பக்கம், விளைவு எந்தப் பக்கம்? ஆங்கில வினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்று நடந்து, அதையொட்டி இன்னொன்று நடந்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது பலரும் தடுமாறுவது திசையில்தான். காரணம் நிற்க வேண்டிய இடத்தில் விளைவு போய் உட்கார்ந்துவிடுகிறது.

மோசமாக மாட்டிவிடுவது ‘ரிசல்ட்’. ‘ரிசல்ட் இன்’ என்றால் எழுவாய் காரணம். ‘ரிசல்ட் ஃப்ரம்’ என்றால் எழுவாய் விளைவு. ‘தி ஃபயர் ரிசல்டட் ஃப்ரம் எ கேஸ் லீக்’ என்றால் கேஸ் கசிந்ததால் தீப்பிடித்தது. இங்கே ‘இன்’ போட்டால், தீப்பிடித்ததால் கேஸ் கசிந்தது என்று பொருள் தலைகீழாகிவிடும். இலக்கணப்படி இரண்டும் சரியென்பதால் பிழைதிருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. விபத்து அறிக்கையில் இப்படி நேர்ந்தால் பழியே இடம் மாறிவிடும். ‘ரிசல்டட் டு’ என்ற பிரயோகம் கிடையாது.

‘ஃபாலோ’விலும் இதே கதைதான். ‘தி ஃபிளட் ஃபாலோட் தி ரெயின்’ என்றால் முதலில் மழை, பிறகு வெள்ளம். நடந்த வரிசையிலேயே சொல்ல ‘தி ரெயின் வாஸ் ஃபாலோட் பை தி ஃபிளட்’ என்க. அந்த ‘வாஸ்’ விட்டுப்போனால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். இன்னொன்று: ‘ஃபாலோ’ பெரும்பாலும் வரிசையைத்தான் சொல்லும். இதனால்தான் அது என்று அழுத்திச் சொல்ல ‘காஸ்’ அல்லது ‘லீட் டு’ வேண்டும்.

அந்த ‘காஸ்’ நம் தமிழ்ப் பழக்கத்தில் வழுக்கும். ‘வெள்ளத்துக்குக் காரணமானது’ என்பதில் உள்ள ‘க்கு’ மனதில் நிற்பதால் ‘காஸ்டு ஃபார் தி ஃபிளட்’ என்று வந்துவிடுகிறது. ‘காஸ்டு தி ஃபிளட்’ போதும். ‘லீட்’டுக்கோ ‘டு’ கட்டாயம். அதன்பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோ வரும்: ‘லெட் டு குளோசிங் தி ரோட்’ சரி, ‘லெட் டு குளோஸ் தி ரோட்’ தவறு. இறந்தகால ‘லெட்’டுக்கு எல், இ, டி என்று மூன்றே எழுத்து. ஈயத்தின் ஆங்கிலப் பெயரும் அதே ஒலிப்பு என்பதால் நடுவில் ஒரு ‘ஏ’ நுழைந்துவிடும், கவனம்.

‘ஹேப்பன்’, ‘அக்கர்’, ‘அரைஸ்’, ‘என்சூ’ (அதையொட்டி நிகழ்வது) நான்கும் செயப்படுபொருள் ஏற்காதவை. அதனால் செயப்பாட்டு வினையாகவும் வராது. ‘தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்டு’ என்பதில் ‘வாஸ்’ஸை எடுத்துவிடுங்கள். ‘தி ஆர்க்யுமென்ட் என்சூடு எ ஃபைட்’ தவறு. ‘எ ஃபைட் என்சூடு’ என்று விளைவையே எழுவாயாக்க வேண்டும். ‘அரைஸ்’ஸின் வடிவங்கள் ‘அரோஸ்’, ‘அரிஸன்’. எனவே ‘எ ப்ராப்ளம் ஹேஸ் அரிஸன்’. பிரச்சினையை ஒருவர் எழுப்பினார் என்றால் மட்டும் ‘ரெய்ஸ்டு’.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் ‘ஆல்’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஆல்’ ஒட்டும் சொல்தான் காரணம். அது ‘ரிசல்ட் இன்’, ‘லீட் டு’ இவற்றுக்கு முன்னும், ‘ரிசல்ட் ஃப்ரம்’, ‘ஸ்டெம் ஃப்ரம்’ (ஒன்றிலிருந்து விளைவது) இவற்றுக்குப் பின்னும் வர வேண்டும்.