மலையடிவாரத்தில் மனையும் தோட்டமும்: காட்டைச் சுருக்கும் வீட்டுத் தவறுகள்

காடு அழிகிறது என்றால் அணை, குவாரி, நாலுவழிச்சாலை என்று பெரிய விஷயங்களாகவே நமக்கு நினைவுக்கு வரும். அவை அழிப்பது உண்மைதான். ஆனால் மேட்டுப்பாளையத்தில் தொடங்கி பெரியநாயக்கன்பாளையம், தடாகம், மருதமலை, போளுவாம்பட்டி என்று கோவையின் மலையடிவாரத்தை ஒட்டி ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கே மனை வாங்குவது, எதை வைத்து வேலி போடுவது, மிஞ்சிய சோற்றை எங்கே கொட்டுவது என்று வீட்டுக்குள் பேசி முடிக்கிற விஷயங்கள்தான் அங்கே காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கின்றன. இதையெல்லாம் காட்டைப் பற்றிய முடிவு என்று யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் ஒரே தவறு ஊருக்கு ஊர் நடக்கிறது.

முதல் தவறு மனை வாங்கும்போதே நடந்துவிடுகிறது. பட்டா, வில்லங்கச் சான்று, டிடிசிபி அப்ரூவல், போர் போட்டால் தண்ணீர் வருமா என்று எல்லாம் பார்ப்போம். காப்புக்காட்டின் எல்லைக்கல் நம் மனைக்கு அந்தப் பக்கம் இருந்தால் நிம்மதி. ஆனால் யானைக்கு அந்தக் கல் எல்லை இல்லை. மேலே மலை செங்குத்தாக நிற்கிறது. கூட்டத்தில் குட்டி இருந்தால் அவ்வளவு சரிவில் ஏறி நடக்க முடியாது. மலைக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற சமதளக் காட்டுப் பட்டையில்தான் அது நடக்கும். அந்தப் பட்டை பல இடங்களில் மிகவும் ஒடுங்கிவிட்டது. மழை இருக்கும் பக்கம், தீனி இருக்கும் பக்கம் என்று பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற விலங்கு அது. ஒரு இடத்தில் வழி அடைபட்டால் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்துதான் ஆக வேண்டும்.

ஆகவே பத்திரம் பார்ப்பதோடு நிற்காமல், அந்த ஊரில் வெகுநாள் ஆடு மாடு மேய்த்த பெரியவர்களிடம் யானை எந்தப் பள்ளம், அதாவது எந்த ஓடை வழியாக இறங்கும் என்று கேளுங்கள். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். நீங்கள் போய்ப் பார்க்கிற மாதத்தில் அமைதியாக இருக்கும் இடம், இன்னொரு பருவத்தில் நடைபாதையாக இருக்கும். கிராமம் ஹாகா பட்டியலில், அதாவது மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். நீலகிரியில் சீகூர் பீடபூமியில் நடந்தது தெரிந்ததுதான். 2010இல் தமிழ்நாடு அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பணம் போட்டு ரிசார்ட் கட்டியவர்கள் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். யானைக்கும் அந்தப் பத்து வருடம் வழி அடைபட்டுத்தான் கிடந்தது.

சரி, நிலம் ஏற்கெனவே இருக்கிறது என்றால்? அப்போது பெரிய கேள்வி வேலி. நிலம் முழுவதையும் வளைத்துக் காம்பவுண்டு சுவர் எழுப்புவதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டையும் பயிரையும் சுற்றி அடைத்துக்கொண்டு, பள்ளக்கரையைத் திறந்து விட்டாலே பாதிப் பிரச்சினை குறையும். பள்ளத்தை மறித்துச் சுவர் கட்டினால் யானை திரும்பிப் போய்விடாது. சுவரைத் தள்ளும், அல்லது அடுத்தவர் தோட்டத்துக்குள் போகும்.

அதைவிடக் கொடுமை, மோட்டார் ரூமிலிருந்தோ போஸ்ட் கம்பியில் கொக்கி மாட்டியோ வேலிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது. சோலார் வேலியும் கரண்ட் வேலிதானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சோலார் வேலியில் இருக்கிற எனர்ஜைசர் சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பை அனுப்பும். வோல்டேஜ் அதிகம் என்றாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி இருப்பதால், தொட்ட விலங்கு சுரீரென்று பட்டு விலகிவிடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விடாமல் பாயும். தசை இறுகி, தொட்டதை விட முடியாமல் அப்படியே உயிர் போகும். ஈரத் தரையில் கேட்கவே வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து, விழுந்து கிடந்த யானைகளையே சுற்றிச் சுற்றி வந்தன. பன்றிக்கு வைத்தேன் என்பார்கள். பன்றிக்கு வைத்த கம்பியில் இராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களே எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். காட்டை ஒட்டிய நிலத்தில் மின்வேலி போட அனுமதியும் பதிவும் வேண்டும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. போடுவதானால் சோலார் வேலியை முறைப்படி போட்டு, கம்பியில் செடிகொடி படாமல் வெட்டிவிடுங்கள். களை பட்டால் மின்சாரம் கசிந்து வேலி வெறும் கம்பியாகிவிடும்.

சின்ன உயிர்களுக்கு நாம் செய்கிற கெடுதல் வேலியில்தான் அதிகம், ஆனால் அது கண்ணில் படுவதில்லை. கொங்கு நாட்டில் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிளுவை வேலி இருந்தது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம், அதுதான் இட்டேரி. கிளுவையும் கள்ளியும் கோவைக்கொடியும் பிரண்டையும் பின்னிக் கிடக்கிற அந்த வேலியடியில் கௌதாரி குஞ்சு பொரிக்கும், கீரி குடியிருக்கும், ஓணானும் உடும்பும் ஒதுங்கும். பத்திரப் பதிவு முடிந்ததும் ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்தெடுத்துவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டுகிறோம். இரண்டடி அகல நிலம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். போனது ஒரு ஊர் அளவு உயிர். கிளுவையைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டமில்லை. மழைக்கு முன்னால் போத்து, அதாவது கிளைத்துண்டு வெட்டி வரிசையாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து தீனி. ஒரு யானை நாளுக்கு 150 கிலோ வரை தின்னும். காட்டில் அதற்காக நாள் முழுக்க நடக்க வேண்டும். நம்மிடம் வாழை, கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக நிற்கின்றன. விவசாயி பயிர் வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் காட்டை ஒட்டிய கடைசி வரிசையிலேயே வாழையை வைப்பது கூப்பிட்டு விருந்து வைப்பது போலத்தான். குன்னூர் மலைச்சரிவில் பர்லியாறு பக்கம் பலாப்பழ சீசனில் யானை இறங்குவது எல்லோருக்கும் தெரியும். மரத்தில் பழுக்க விடாமல் காயாகவே இறக்கிவிட வேண்டும். அரிசி, தவிடு, புண்ணாக்கு மூட்டைகளைக் காட்டுப் பக்கம் பார்த்த தகர அறையில் அடுக்குவதும் தவறு. வாசனை பிடித்து வந்து யானை சுவரை உடைக்கும். வால்பாறையில் ரேஷன் கடையும் சத்துணவு மையமும் அடிக்கடி உடைபட்டதற்கு உள்ளே இருந்த அரிசிதான் காரணம்.

குப்பையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. வயிற்றுக்குள் குட்டியும் இருந்தது. பிரியாணிப் பொட்டலத்தைக் கவரோடு வீசுபவர் யானையைக் கொல்ல நினைப்பதில்லை. சோற்றின் உப்பும் எண்ணெயும் ஊறிய கவரை யானை பிரித்துத் தின்னாது, அப்படியே விழுங்கும். இறைச்சிக் கழிவு கொட்டுகிற இடத்தில் நாய்கள் பெருகும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அப்புறம் சிறுத்தை ஊருக்குள் வந்துவிட்டது என்று செய்தி வரும்.

வீட்டுத் தோட்டத்துச் செடி விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். உண்ணிச்செடி வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காக வந்தது. இன்று முதுமலையில் புல் முளைக்க இடமில்லாமல் புதராக மண்டிக் கிடக்கிறது. அங்கே அரசு வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிற மஞ்சள்கொன்றையும் அழகுக்கும் நிழலுக்கும் நட்ட வெளிநாட்டு மரம்தான். மலையோரத்தில் நர்சரிக்காரர் சீக்கிரம் வளரும், மாடு கடிக்காது என்று எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள். மாடு கடிக்காததை மானும் கடிக்காது.

கடைசியாக, எல்லாத் தவறையும் செய்துவிட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோகச் சொல்லி மனுக் கொடுப்பது. 2018 டிசம்பரில் தடாகம் பகுதியிலிருந்து விநாயகன் என்ற யானையை முதுமலைக்குக் கொண்டுபோனார்கள். 2019 ஜனவரியில் சின்னத்தம்பி என்ற யானையை டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். சின்னத்தம்பி சில நாட்களிலேயே மலையிலிருந்து இறங்கி, நடந்து நடந்து உடுமலைப் பக்கம் கண்ணாடிப்புத்தூர் கரும்புத் தோட்டத்துக்கு வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். அதன் பிறகும் தடாகத்துக்கு வேறு யானைகள் வருகின்றன. மனு எழுதுவதானால் எழுதுங்கள். அதிலேயே ஊர்க் குப்பைமேட்டை அடிவாரத்திலிருந்து மாற்றவும், பள்ளத்தை மறித்துக் கட்டிய சுவர்களை அகற்றவும், கொக்கி போட்டிருக்கிற வேலிகளைச் சோதிக்கவும் சேர்த்துக் கேளுங்கள்.