மழை ஓய்ந்த பிறகு பங்கு மக்கள் செய்ய வேண்டியவை: சேலம், ஏற்காடு கத்தோலிக்கப் பங்குகளுக்கான நிவாரண வழிகாட்டி

பஞ்சம் வரப்போகிறது என்று கேட்டதும், அந்தியோக்கியா சபையில் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை எடுத்துவைத்தார்கள். அதை யூதேயாவுக்குக் கொண்டுபோக பர்னபா, சவுல் (பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவர்) என்று இருவரை அனுப்பினார்கள் (திருத்தூதர் பணிகள் 11). எருசலேமுக்கான காணிக்கையைத் திரட்டிய பவுலும், யாரும் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது என்று தீத்துவோடு இன்னொரு சகோதரரையும் சேர்த்தே அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). பந்தியில் சில கைம்பெண்கள் விடுபடுகிறார்கள் என்ற முறையீடு வந்தபோது, திருத்தூதர்கள் அதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள் (திருத்தூதர் பணிகள் 6). பட்டியல், பொறுப்பாளர், கணக்கு என்று நிவாரணப் பணிக்கு வேண்டிய மூன்றும் இதிலேயே இருக்கின்றன. இந்த மூன்றும் இல்லாமல் வண்டி ஏற்றினால் அரிசி சாலையோரத்து வீடுகளோடு தீர்ந்துவிடும்.

முதல் இரண்டு நாள்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நம் வண்டியும் ஏறினால், மண் அள்ளப் போகும் பொக்லைனுக்கும் ஆம்புலன்சுக்கும் அது இடைஞ்சல். அடிவாரச் சோதனைச் சாவடியில் கேட்டு, அனுமதித்தால் மட்டும் கிளம்புங்கள். குப்பனூர் வழி திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பின் மலையில் வண்டி ஓட்டவே கூடாது. மழை விட்டாலும் ஊறிய மண் ஓரிரு நாள் கழித்துச் சரியும். மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினாலோ, கீழே இருக்கும் வீடுகளை உடனே காலிசெய்ய வைத்து 1077க்குச் சொல்லுங்கள். அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மாநில எண் 1070.

இந்த நேரத்தில் பங்கு செய்யக்கூடிய பெரிய வேலை பட்டியல் எடுப்பதுதான். அன்பியத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) இருவர், அதில் ஒருவர் பெண். ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி: எத்தனை பேர், கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தவர், கூரை, கழிப்பறை, அடுப்பு. மதம், சாதி, எந்தக் கோயில் என்ற கட்டமே அதில் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பட்டியலோடு அதை ஒத்துப் பாருங்கள். அங்கே விடுபடுபவர்கள் பெரும்பாலும் ரேஷன் அட்டை இல்லாதவர்கள்: வாடகைக்கு இருப்பவர்கள், எஸ்டேட் லைன் வீடுகளில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத்தார், மகன் பெயரில் அட்டை இருந்து தனியாக வாழும் பாட்டிகள். சாலையிலிருந்து நடந்து போகவேண்டிய மலைக் குக்கிராமங்களுக்கு முதலில் ஆள் போகட்டும். சாலையோரத்துக்கு வேறு பலர் வருவார்கள்.

என்ன வாங்குவது

நாலு பேர் கொண்ட வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு: அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ, புளியும் டீத்தூளும் கால் கிலோ வீதம், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், தீப்பெட்டி, குளியல் சோப்பு, துணி சோப்பு. மொத்தம் 16 கிலோவுக்குக் கொஞ்சம் கூடும். இதை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். பாதை அறுந்த இடத்தில் ஒரு பெண் தலைச்சுமையாகத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். இரண்டு பைகளாகப் பிரித்தால்தான் அது முடியும். சிறு சரக்கு வண்டிக்கு 40 வீட்டுப் பொருளுக்கு மேல் ஏற்ற வேண்டாம். லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ மொத்தமாக வாங்கி, கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்குங்கள்.

ஏற்காட்டில் டிசம்பர் குளிரில் அரிசிக்கு முன்னால் கம்பளிதான். வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போடாமல் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கூரை போன வீட்டுக்கு 4 மீட்டருக்கு 6 மீட்டர் தார்ப்பாய் ஒன்றும், 30 மீட்டர் நைலான் கயிறும். கயிறு இல்லாமல் தார்ப்பாய் மட்டும் கொடுத்தால் ஆணி அடிப்பார்கள். ஆணி அடித்த ஓட்டையிலிருந்து கிழிசல் ஓடி, அடுத்த காற்றில் முழுவதும் போய்விடும். சானிட்டரி நாப்கினும் உள்ளாடையும் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். பெண்கள் குழுவிடம் தனிப் பையில் கொடுத்து அனுப்புங்கள்.

பழைய துணி வாங்காதீர்கள். கோயில் வாசலில் அறிவிப்பு செய்தால் குவிந்துவிடும், பிரிப்பதற்கே பத்துப் பேர் வேண்டும், பாதி கிழிசல். நமக்கு உடுத்தக் கூசும் துணியை அவர்களுக்குக் கொடுப்பது காணிக்கையாகாது. பால்மாவும் பால்புட்டியும் பொதுவாக எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. வெள்ளத் தண்ணீரில் கரைத்த பால்மாவால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், தாய்ப்பாலும் குறைந்துபோகும். தாயில்லாக் குழந்தை போன்ற தேவைகளை செவிலியரிடம் சொல்லி ஏற்பாடு செய்யலாம்.

சமைத்துக் கொடுப்பதானால் 100 பேருக்கு 12 கிலோ அரிசி. எலுமிச்சைச் சாதம், புளிசாதம் தாங்கும். தேங்காய்ச் சட்னி, பருப்புச் சாதம் சீக்கிரம் ஊசிவிடும். கொதிக்கக் கொதிக்கப் பொட்டலம் கட்டினால் உள்ளே வேர்த்துக் கெட்டுப்போகும் என்பதால், அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆவி போனபின் கட்டுங்கள். சமைத்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். மலைக்குப் போய்ச்சேரவே மூன்று மணி ஆகுமென்றால் பிஸ்கட், பொரி, வேர்க்கடலை, வாழைப்பழம் அனுப்புவது நல்லது.

கிணற்றுத் தண்ணீர்

திருமணிமுத்தாற்று வெள்ளம் புகுந்த தெருக்களில் கிணறு, தரைத்தொட்டி எல்லாவற்றிலும் சாக்கடை கலந்திருக்கும். முதலில் கலங்கல் தண்ணீரை இறைத்துக் கொட்டுங்கள். தெளிந்த தண்ணீர் ஊறியபின் அளவெடுங்கள். கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கி, வரும் தொகையை 785ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும் (அளவுகள் மீட்டரில்). 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 28,000 லிட்டர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், கொஞ்சம் கலங்கலாக இருந்தால் இரட்டிப்பு. இந்தக் கிணற்றுக்கு 70 முதல் 140 கிராம். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்காதீர்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அதைக் கிணற்றில் கொட்டக் கூடாது. தெளிந்த நீரை வேறு வாளியில் ஊற்றி, கிணற்றின் அடிவரை இறக்கி மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து, சுகாதார ஆய்வாளரை அழைத்து, தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரினைப் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி போடவேண்டும். வாடை அடிக்காத பழைய பவுடர் என்றால் வேலைக்கு ஆகாது. வீடு கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்காதீர்கள். கிளம்பும் வாயு மூச்சை அடைத்துவிடும்.

சேறு அள்ளும் இளைஞர்களுக்குக் கம்பூட்டும் கையுறையும் கட்டாயம். பாம்பு, தேள் துணிக்குவியலுக்குள் இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும்.

வெள்ளிப் பட்டறை, தறிக்கூடம்

கொலுசுப் பட்டறைக்குள் போய்ச் சேற்றை வாரித் தெருவில் கொட்டிவிடாதீர்கள். அராவும்போது உதிர்ந்த வெள்ளித்தூள் தரை மண்ணில்தான் கிடக்கும், அதைச் சேர்த்து உருக்குவதும் அவர்கள் வருமானத்தில் ஒரு பங்கு. உரிமையாளரை நிற்கவைத்து, அவர் காட்டும் டிரம்மிலோ சாக்கிலோ சேற்றைப் போடுங்கள். குழித்தறியில் தண்ணீர் நின்றால் முதலில் பாவு நூலை (தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளை) எப்படிக் காப்பாற்றுவது என்று நெசவாளரைக் கேளுங்கள். அவர் சொல்லாமல் இழையைத் தொடக்கூட வேண்டாம். இறைத்த குழி காய நாளாகும். அதுவரை அவருக்குக் கூலி கிடையாது. விசைத்தறி மோட்டாரை எலக்ட்ரீசியன் பிரித்துக் காயவைத்துச் சோதிக்கும் முன் ஓட்டிப் பார்த்தால் சுருள் எரிந்துவிடும். மலையிலும் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் மழை கெடுத்தால் தினக்கூலி நின்றுவிடும். அதனால் வந்த பணத்தில் பாதியையாவது மூன்றாம் வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். அதற்குள் மற்றவர்களின் வண்டிகள் வருவது நின்றிருக்கும்.

பணம்

காணிக்கையை எண்ணுவது, வங்கியில் கட்டுவது, பொருள் வாங்குவது எல்லாவற்றிலும் உறவில்லாத இருவர் கையெழுத்து இருக்கட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) கிடைக்காது, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் பணத்தைப் பங்கின் சாதாரணக் கணக்கில் வாங்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவுபெற்ற அமைப்புதான் அதற்கென உள்ள கணக்கில் பெற முடியும். பெற்றதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. ஆகவே மறைமாவட்டச் சமூகப்பணி அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். வரவு செலவை ஞாயிறுதோறும் கோயில் வாசலில் ஒட்டுங்கள். பெற்றவர்களின் பெயரை அதில் எழுதவேண்டாம், எந்த ஊரில் எத்தனை வீடு என்பது போதும்.

கொடுக்கும்போது பங்கின் பேனரும் துண்டுப் பிரசுரமும் வேண்டாம், வாங்குபவர் முகம் தெரியும் படமும் வேண்டாம். இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்னவர் பெயரால்தான் கொடுக்கிறோம். யாராவது தாமாக ஜெபிக்கச் சொன்னால் உட்கார்ந்து ஜெபியுங்கள், அவசரப்படாமல். பை கொடுத்து முடித்த பிறகு, அடுத்த வீட்டுக்குப் போகுமுன்.

கடைசி வேலை காகிதங்கள். ஸ்மார்ட் கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் என்று நனைந்தவற்றை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்போது பிரிக்காமல், நிழலில் காய்ந்த துணிமேல் காயவைக்கச் சொல்லுங்கள். தொலைந்தவற்றுக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களை இ-சேவை மையத்துக்குக் கூடவே அனுப்பி வையுங்கள். முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களை முதல் வரிசையில் வையுங்கள்.