அன்சிபிள் மாட்யூல்: மாறாததை மாறியது என்று சொல்லாதீர்கள்

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி அன்சிபிள்; அதில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரல் மாட்யூல். அதை முதன்முதலாக எழுதுபவர்கள் பைத்தானில் அதிகம் சறுக்குவதில்லை. சில்லறைப் பிழைகளை 'அன்சிபிள்-டெஸ்ட் சானிட்டி' என்ற சோதனைக் கட்டளை பிடித்துவிடும். அவை இங்கே வேண்டாம். அதன் கண்ணுக்குத் தப்பி, சர்வரில் போய் வெடிப்பவைதான் பிரச்சினை.

எப்போதும் 'சேஞ்ச்ட்=ட்ரூ'

ஷெல் ஸ்கிரிப்டில் பழகிய கை, வேலை முடிந்ததும், முடிவை அன்சிபிளுக்குத் திருப்பித் தரும் எக்ஸிட்_ஜேசனுக்குள் சேஞ்ச்ட்=ட்ரூ ('மாறியது') என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடும். எழுதும்போது தொல்லை தெரியாது. அந்த டாஸ்க்கோடு, வெப் சர்வரான என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யும் ஹேண்ட்லரை ('மாறியது' என்றால் மட்டும் ஓடும் பின்வேலை) யாராவது இணைத்ததும் தெரியும்: கோப்பில் ஓர் எழுத்துகூட மாறாதபோதும் 40 சர்வரும் ரீஸ்டார்ட் ஆகும். டாஸ்க்குகளை வரிசையாக எழுதிய பிளேபுக்கை அரை மணிக்கொருமுறை கிரானில் (நேரப்படி தானாக ஓட்டும் வசதி) ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

இதைத் திருத்தப் போகிறவர் ஒப்பீட்டில் கோட்டை விடுகிறார். பிளேபுக்கிலிருந்து வருவது 8080 என்ற எண். கோப்பில் படித்தது "8080" என்ற ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். பைத்தானுக்கு இரண்டும் வேறு. ஏபிஐ தரும் பட்டியல் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வரலாம். வரிசைக்குப் பொருளில்லை என்றால் இரு பக்கத்தையும் வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். கோப்பின் கடைசிப் புதுவரிக் குறி ஒன்றே போதும், 'மாறியது' என்று நிரந்தரமாகச் சொல்ல வைக்க.

முதலில் இப்போதைய நிலையைப் படியுங்கள். வேண்டிய நிலையை அதே வடிவில் கட்டுங்கள். ஒப்பிட்டு 'சேஞ்ச்ட்' மதிப்பை முடிவு செய்யுங்கள். செக் மோட் (எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம்) என்றால் அங்கேயே எக்ஸிட்_ஜேசன். இல்லையென்றால் தற்காலிகக் கோப்பில் எழுதி, சரிபார்த்து, அட்டாமிக்_மூவ் கொண்டு ஒரே வீச்சில் உரிய இடத்தில் வையுங்கள்.

சரிபார்ப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கோப்பை மாற்றியபின் மாட்யூல் ஃபெயில் ஆனால் ஹேண்ட்லருக்குத் தகவல் போகாது. அடுத்த ஓட்டத்தில் கோப்பு ஏற்கெனவே சரியாக இருப்பதால் 'மாறவில்லை' என்று வரும். சர்வீஸ் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். திரையில் எல்லாம் பச்சை. ஓயாமல் ரீஸ்டார்ட் ஆவதைவிட இது மோசம், யாரும் தேடமாட்டார்கள்.

சோதனை எளிது. செக் மோடில் ஒருமுறை, நிஜமாக இருமுறை ஓட்டுங்கள். முதல் இரண்டும் ஒரே பதிலைத் தர வேண்டும்; மூன்றாவது சேஞ்ச்ட்=0.

சப்போர்ட்ஸ்_செக்_மோட்

கொடுக்காவிட்டால் செக் மோடில் டாஸ்க் தாண்டிப் போகும். ட்ரூ கொடுத்துவிட்டு, இப்போது செக் மோடா என்று மாட்யூலுக்குள் பார்க்காமல் விட்டால், ஒத்திகையிலேயே சர்வர் மாறிவிடும்.

டைப் எழுதாத ஆர்கியுமென்ட்

எழுதாவிட்டால் அது ஸ்ட்ரிங். பயனர் 'நோ' என்று கொடுத்தது "ஃபால்ஸ்" என்ற எழுத்தாக வந்து சேரும். காலியில்லாத ஸ்ட்ரிங் என்பதால் 'இஃப்' அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். டைப்='பூல்' என்று எழுதுங்கள்.

பிரிண்ட்

வேண்டாம். ஸ்டாண்டர்ட் அவுட்புட் ஜேசனுக்கு மட்டும்.

கடவுச்சொல்

நோ_லாக்=ட்ரூ. இல்லையேல் இலக்கு சர்வரின் சிஸ்லாக்கில் (கணினியின் பதிவேடு) போய் உட்காரலாம்.

வெளிக் கட்டளை

வெளிக் கட்டளையை ஓட்டும் ரன்_கமாண்டுக்கு லிஸ்டாகக் கொடுங்கள்; ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டினால் கோப்புப் பெயரில் உள்ள இடைவெளி அதை உடைக்கும். வெளியீட்டைப் படித்து முடிவெடுப்பதானால் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மதிப்பைச் 'சி' ஆக்குங்கள். ஜெர்மன் மொழியில் அமைத்த சர்வர் ஜெர்மனில்தான் பதில் சொல்லும்.

இம்போர்ட்

மாட்யூல் ஓடுவது இலக்கு சர்வரில். உங்கள் லேப்டாப்பில் பிப் போட்டது அங்கே இருக்காது. இம்போர்ட்டை ட்ரை-எக்செப்ட்டில் வைத்து, எந்த லைப்ரரி இல்லை என்பதை ஃபெயில்_ஜேசனில் பெயரோடு சொல்லுங்கள்.