ஓரோட்ரெத் யார் பிள்ளை? எல்ஃப் வம்சாவளி போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பொள்ளாச்சித் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கதைகளில் எல்ஃப் என்றொரு இனம் வரும்; அதன் அரச குடும்பத்தின் வம்சாவளி. கட்டம் கட்டி, வண்ணம் அடித்து, அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இரண்டு ஓரோட்ரெத். ஒருவர் ஃபினார்ஃபின் என்ற எல்ஃப் அரசரின் மகன், இன்னொருவர் பேரன். "சரிதானுங்களாண்ணா?" என்று கீழே ஒரு கேள்வி. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன் கோபியில் நான் போட்ட அதே படம்.

எழுத்துப்பிழை, உச்சரிப்பு எல்லாம் தானாகத் திருந்தும். அதை விடுங்கள்.

ஒருவரை இருவராக்குவது

ஓரோட்ரெத் சின்னப் பாத்திரம். அண்ணன் ஃபின்ரோட் போன பின் நார்கோத்ரோண்ட் என்ற கோட்டை நகரத்தை ஆள்கிறார். டூரின் என்ற மனித வீரன் சொன்னான் என்று கோட்டை வாசலுக்கு நேராக ஆற்றில் பாலம் கட்ட விட்டுவிட்டு, தும்ஹலாத் போரில் சாகிறார். 1977-ல் வந்த 'சில்மரில்லியன்' அவரை ஃபினார்ஃபினின் மகன் என்கிறது. ஆனால் டோல்கீனின் கடைசிக்கால எழுத்துகளில் அவர் ஒரு தலைமுறை கீழே இறங்கி, ஃபினார்ஃபினின் இன்னொரு மகனான ஆங்ரோடின் மகனாகிவிடுகிறார். அது அச்சில் வந்தது 1996-ல்.

இரண்டையும் படித்தேன். எங்கள் அப்பாரு பெயர் பழனிச்சாமி. அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவருமே மூத்த பையனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். பெரிய பழனி, சின்னப் பழனி, மில்லுப் பழனி. அந்தப் பழக்கத்தில், பெரியப்பன் பெயரைத் தம்பி மகனுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஈரோட்டில் 1,800 ரூபாய்க்கு ஃபிளெக்ஸ் அடித்து, வாசகர் கூட்டத்தில் மாட்டி, முக்கால் மணி நேரம் விளக்கம் வேறு. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அந்த இன்னொருத்தர் எந்தப் பக்கத்துலங்க வர்றாரு?" என்று கேட்டார். எந்தப் பக்கத்திலும் வரவில்லை. இப்போது அந்த ஃபிளெக்ஸில் எங்கள் ஆத்தா புளி காயவைக்கிறது.

டோல்கீன் 1973-ல் இறக்கும்வரை 'சில்மரில்லியன்' புத்தகத்தை முடிக்கவில்லை. வெவ்வேறு காலத்துக் கைப்பிரதிகளைக் கோத்துக் கொடுத்தவர் மகன் கிறிஸ்டோஃபர். ஆகவே ஆள் ஒருவர்தான். எழுதியவர்தான் அப்பாவை மாற்றினார். கில்-கலாட் என்ற எல்ஃப் அரசரும் அப்படியே. புத்தகத்தில் ஃபிங்கோன் என்ற இன்னொரு எல்ஃப் அரசரின் மகன், டோல்கீனின் 1965 குறிப்பில் ஓரோட்ரெத்தின் மகன். ஃபிங்கோனின் மகன் என்று போட்டது தவறு என்று கிறிஸ்டோஃபரே பின்னால் எழுதினார். இரண்டு காலத்துக்கு இரண்டு தாள் போடுங்கள். ஒரே தாள்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு கோட்டின் மேலும் அது எந்த வருடத்து எழுத்து என்று பென்சிலில் குறியுங்கள். அந்தப் பென்சில் குறிப்பு இல்லாத படம் யார் அனுப்பினாலும் இப்போது நான் திறப்பதில்லை.

சத்தத்தை வைத்துப் பொருள் சொல்வது

டோல்கீன் உருவாக்கிய எல்ஃப் மொழிகளில் ஒன்றான சிண்டாரினில் 'ஓரோட்' என்றால் மலை. உடனே 'மலைமகன்' என்று எழுதிவிடுவோம்; நானும் எழுதினேன். இன்னொரு எல்ஃப் மொழியான குவென்யாவில் ஓரோட்ரெத்தின் பெயர் ஆர்டாரெஸ்டோ. அது சிண்டாரினில் ரோட்ரெத் ஆகி, அவருக்கு மலைகள் மேல் இருந்த ஆசையால் ஓரோட்ரெத் என்று திரிந்தது. மலை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அடியில் இருப்பது 'உயர்ந்த' என்ற பொருளுள்ள 'ஆர்டா'. அதோடு விட்டாரா டோல்கீன்? அப்புறம் ஆரோதிர் என்றும் மாற்றினார்.

பழைய ஃபின்ரோட்

பழைய கைப்பிரதிகளில் ஃபின்ரோட் என்றால் அப்பா, அதாவது பின்னாளைய ஃபினார்ஃபின். பின்னாளில் ஃபின்ரோட் ஆன மகனுக்கு அங்கே பெயர் இங்லோர்.

ஓரோட்ரெத்தின் மனைவி

வடக்கத்திச் சிண்டார் (எல்ஃப்களில் ஒரு பிரிவு) பெண். பெயர் கிடையாது. நீங்களும் வைக்காதீர்கள்.