நாவா ஊர்களில் தங்கிப் பேசப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் நாவா மக்கள் பேசும் மொழிக்கு நாவாட்டில் என்று பெயர். அங்கே அதைப் பேசுபவர்கள், 2020 கணக்கெடுப்பின்படி, 16 லட்சத்துக்கும் மேல். மொழி படிக்கவோ ஆய்வுக்கோ அவர்கள் ஊரில் போய்த் தங்கும் ஒரு தமிழர் இலக்கணத்தில் திணறுவதைவிடப் பேச்சு வழக்கத்தில்தான் அதிகம் இடறுவார். "நீ, நீங்கள் வித்தியாசமெல்லாம் நமக்குத் தெரியாததா?" என்ற தைரியம் கூடவே வருவதுதான் காரணம்.

அந்தத் தைரியத்தை முதலில் இறக்கி வைக்க வேண்டும். புவேப்லா, த்லஷ்காலா மாநிலங்களின் எல்லையில் மலிஞ்சே எரிமலை இருக்கிறது. அதன் அடிவார ஊர்களின் பேச்சை விரிவாக ஆராய்ந்த ஜேன் ஹில், கென்னத் ஹில் தம்பதி, அங்கே மரியாதைக்கு நான்கு படிகள் இருப்பதாக எழுதினார்கள். சின்னவர்களுக்கும் நெருங்கியவர்களுக்கும் வெறும் வினை. அறிமுகமில்லாதவர் என்றால் வினைக்குள் ஒரு சிறு அசை நுழையும். அதற்கும் மேலே போனால் வினையே முன்னும் பின்னும் நீண்டுவிடும். உச்சிப் படியில், எதிரில் நிற்பவரிடமே அவரைப் படர்க்கையில் வைத்துப் பேச வேண்டும். அந்தப் படி கொம்பாத்ரேக்களுக்கு உரியது. குழந்தையைப் பெற்றவர்களுக்கும், அதன் ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்கும் ஞானப் பெற்றோருக்கும் இடையே உள்ள உறவு அது. பெண் என்றால் கொமாத்ரே.

நம் ஆள் வழுக்குவது இங்கேதான். வயதைப் பார்த்து மரியாதையைத் தீர்மானிக்கிறோம். அங்கே வயது ஒரு கணக்கு, கொம்பாத்ரே உறவு அதற்கு மேலான இன்னொரு கணக்கு. நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசிய சிநேகிதர் உங்கள் பிள்ளைக்கு ஞானத்தந்தை ஆகிவிட்டால், பேச்சும் அன்றே மாற வேண்டும். இன்னொன்று, மரியாதை வடிவத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அதையே போடுவது. அதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

சரி, இதையெல்லாம் கற்றுக்கொண்டு வடகிழக்கே வாஸ்தெக்கா பக்கம் போனால் அடுத்த தவறு தயாராக இருக்கும். இதால்கோ, வெராக்ரூஸ், சான் லூயிஸ் பொதோசி மாநிலங்களில் பரவியுள்ள அந்தப் பகுதியின் பேச்சில் இந்த நீண்ட மரியாதை வினைகள் பெரும்பாலும் இல்லை. அங்கே "பியாலி" என்று சொன்னால் வணக்கம் முடிந்தது. பழைய மெக்சிகோ பள்ளத்தாக்கின் நூல்மொழியைப் புத்தகத்தில் படித்துவிட்டு இங்கே வந்து பேசினால், சங்கத் தமிழில் கத்தரிக்காய் விலை கேட்பது போல இருக்கும். மெக்சிகோ அரசின் மொழி நிறுவனம் 2008ல் வெளியிட்ட பட்டியலில் நாவாட்டிலின் வகைகள் மட்டும் 30. அதனால் போய் இறங்கியதும் தங்கும் வீட்டு அம்மாவிடம், "இந்த ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிடுவது நல்லது. அவர் ஸ்பானிஷ் சொற்களைக் கலந்து பேசினால் திருத்தாதீர்கள். பல ஊர்களில் தங்கள் மொழியையே "மெஹிகானோ" என்றுதான் சொல்வார்கள். அதையும் திருத்த வேண்டாம். "தியாலெக்தோ", அதாவது வட்டார வழக்கு, என்ற ஸ்பானிஷ் சொல்லை மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள். இது மொழியே இல்லை என்று மட்டம் தட்டுவதற்குக் காலம்காலமாகப் பயன்பட்ட சொல் அது.

பாதையில் எதிர்ப்படுபவர் "எங்கே போகிறாய்?" என்று கேட்பார். கிளம்பும்போது எங்கே என்று கேட்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு முகம் சுருங்கும். அவர் துப்பறியவில்லை, வணக்கம் சொல்கிறார். 1649ல் நாவாட்டில் மொழியில் அச்சான, குவாதலூப்பே மாதா காட்சி கொடுத்த கதையில், மாதாவே ஏழை ஹுவான் தியேகோவிடம் "காம்பா இன் திமோவீகா?" என்று கேட்கிறாள். எங்கே போகிறாய் என்பதைத்தான் மரியாதை வினை போட்டுக் கேட்கிறாள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடமும் மரியாதையாகப் பேசலாம் என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. பதிலுக்கு முழு விவரமும் வேண்டியதில்லை. "இங்கேதான், சோளக்காட்டுப் பக்கம்" என்றால் போதும். பேசாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பதுதான் குற்றம்.

வீட்டுக்குப் போனால் நேரே வாசல்வரை போய்க் கதவைத் தட்டாமல், முற்றத்தின் ஓரத்தில் நின்று குரல் கொடுங்கள். உள்ளே கூப்பிட்டதும் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கண்டுகொள்ளுங்கள்; மொத்தமாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு உட்காராதீர்கள். கை கொடுப்பது பல இடங்களில் விரல்கள் லேசாகத் தொட்டுக்கொள்வதோடு சரி. அலுவலகப் பழக்கத்தில் இறுக்கிக் குலுக்கினால் முரடு என்று தோன்றும். வந்த காரியத்தை உடனே எடுக்காதீர்கள். மழை, மக்காச்சோளம், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் முடிந்த பிறகு அது தானாக வரும். அவசரப் பேச்சு அந்தச் சமூகத்துக்கு எப்போதும் ஆகாது. 16ஆம் நூற்றாண்டில் சஹாகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார் தொகுத்த நாவா முதியோர் உரைகளில் ஒரு தகப்பன் மகனிடம், நிதானமாகப் பேசு, மூச்சு வாங்கப் பேசாதே, கீச்சுக் குரலில் பேசாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான்.

சாப்பாட்டை மறுப்பது பெரிய தவறு. வயிறு இடம் கொடுக்காவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொடுக்கச் சொல்லி வாங்கிப் போகலாம். இப்படிக் கட்டிக்கொண்டு போவதற்கு "இதாகாதே" என்று பெயரே இருக்கிறது. சைவர்கள் தட்டு வந்த பிறகு சொல்லாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெறும் பீன்ஸ்தானே என்று நம்பிவிட முடியாது, அதைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். நவம்பர் 1, 2 தேதிகளில், இறந்தவர்களுக்கான ஷாந்தோலோ பண்டிகையின்போது, வீட்டுக்கு வீடு தமாலே, அதாவது மக்காச்சோள மாவை இலையில் சுற்றி அவித்த பண்டம், தருவார்கள். எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கொஞ்ச நாள் தங்கியதும் உங்களையே ஒரு பிள்ளைக்கு ஞானத்தந்தையாக இருக்கக் கேட்கலாம். வெளியூர்க்காரரைக் கேட்பது சாதாரணம்தான். நமக்கு உச்சி குளிர்ந்து உடனே சரி சொல்லத் தோன்றும். ஞானஸ்நான உடுப்பு, விருந்து என்று அதற்குச் செலவு உண்டு. அதைவிட, அந்தப் பெற்றோருடன் ஏற்படும் உறவு ஆயுளுக்கும் நீளும். ஊர் திரும்பிய பிறகும் விசாரிக்க வேண்டும், ஒரு கல்யாணம் என்றால் போக வேண்டும். அதனால் வீட்டில் கலந்து பேச இரண்டு நாள் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சரி என்று சொல்வதானால், மலிஞ்சே பக்கத்து ஊராக இருந்தால், அந்தப் படர்க்கைப் பேச்சை அதற்கு முன்பே பழகிவிடுங்கள்.