பதிவேடு முதலில், சீல் பிறகு

நோட்டரி வேலையில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கெட்ட பழக்கம். கூட்டம் அதிகமானால் கையெழுத்தும் சீலும் போட்டு ஆளை அனுப்பிவிடுவேன். பதிவேட்டைச் சாயங்காலம் துண்டுச்சீட்டுகளைப் பார்த்து நிரப்புவேன். ஒருநாள் ஒருவர் பிரமாணப் பத்திரத்தோடு திரும்பி வந்தார். அதில் நான் எழுதிய வரிசை எண் 214. பதிவேட்டில் 214-க்கு எதிரே வேறொருவர் பெயர். இரண்டு சீட்டு இடம் மாறியிருக்கிறது. துருவிப் பார்த்ததில் இன்னொரு பதிவு அடியோடு விடுபட்டிருந்தது.

கை முதலில் ஒயிட்னரைத்தான் தேடியது. நல்லவேளை, தொடவில்லை. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக்கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் போட்டேன். விடுபட்டதை இடையில் செருகாமல், அடுத்த காலி வரியில் காரணத்தோடு எழுதினேன்.

இப்போது ஆள் எதிரே இருக்கும்போதே அடையாள அட்டை விவரம், ஆவணத்தின் வகை, கட்டணம், அவர் கையெழுத்து எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். அந்த எண்ணைப் பத்திரத்தில் எழுதிய பிறகுதான் சீல். அதுவும் எழுத்தின் மேல் விழாமல். மை கூடினால் நகலில் என் பெயர் கறுப்பு வட்டமாகிவிடும். காலையில் வெற்றுத்தாளில் ஒருமுறை குத்திப் பார்க்கிறேன்.

மேஜைமேல் கிடந்த சீல் இப்போது பூட்டிய டிராயரில். “என்னை நம்பலையா சார்?” என்று உதவியாளருக்கு வருத்தம். “சீல்ல இருக்கறது என் பேருப்பா” என்றேன். மூன்றாம் நாளே சாவியை வீட்டில் மறந்துவிட்டேன். அரைநாள் வேலை போச்சு.