செங்குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலை எடுக்காதீர்கள்: விரால் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை இறங்கி ஏரியும் வாய்க்காலும் நிரம்பிய பிறகு, கரையோரக் கோரைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் சலசலக்கும். உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மேலே வந்து, சட்டென்று ஒன்றாகக் கீழே இறங்கும். அவை விரால் குஞ்சுகள். அந்த இடத்தைக் குறிவைத்துத் தூண்டில் வீசுவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது.

குஞ்சுகளுக்கு அடியில் பெற்ற மீன் காவல் நிற்கிறது என்பது தூண்டில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தவளையைக் கோத்து அந்தக் கூட்டத்தின் மேல் இழுத்தால், அது பாய்ந்து கவ்வும். அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் பசி என்று நினைத்துவிடக் கூடாது. குஞ்சுகளுக்கு ஆபத்து வந்ததென்று விரட்ட வருகிறது. ஊரில் எல்லோரும் அதைத் தாய் விரால் என்பார்கள். உண்மையில் காவல் நிற்பது பெரும்பாலும் ஆண். இணை சேர்ந்து புல்பூண்டை ஒதுக்கி வட்டமாக இடம் செய்யும். முட்டைகளில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அவை அங்கேயே நீர்மட்டத்தில் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரிந்துவிடும். செந்நிறம் மங்கிக் குஞ்சுகள் தனித்தனியாகப் பிரியும்வரை, பல வாரங்களுக்குக் காவல் தொடரும். அந்த மீனைத் தூக்கிவிட்டால் கெளுத்தியும் குரவையும் தண்ணீர்ப் பாம்பும் கொக்கும் சேர்ந்து கூட்டத்தையே தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையை அழிக்கும் இந்த வேலையை வீரம் என்று சொல்லிப் படம் எடுத்துப் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அடுத்தது மூச்சு. விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அன்று. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கிக்கொள்ளும் அறை ஒன்று இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆகவே வலையிலோ கூட்டிலோ மாட்டிய விராலை முழுக்க மூழ்கும்படி விட்டுவைப்பதும், வாளியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மூடியால் இறுக்குவதும் தவறு. அரை வாளித் தண்ணீரும் மேலே காற்றோட்டமும் போதும். துள்ளி வெளியே விழாதபடி துளையுள்ள மூடியோ வலையோ போடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரு அடிக்கும் குறைவான பொடி விரால் மலிவாகக் கிடைக்கிறதென்று அள்ளாதீர்கள். அவற்றில் பல ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

விரால் இருந்தால் வேறு மீன் பிழைக்காது என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். கெண்டை வளர்க்கும் குளங்களில் குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் பிண்ணாக்கு போட்டு விராலை ஒழிப்பது பழைய வழக்கம். வளர்ப்புக் குளத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஆற்றிலும் ஏரியிலும் அது வேறு மீன்களோடு காலங்காலமாகச் சேர்ந்து வாழும் இயல்பான வேட்டை மீன். அங்கே கவலைப்பட வேண்டியது, கொண்டுவந்து விடப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றித்தான்.

கோடையில் நீர் வற்றினால் விரால் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு. ஈரச் சேற்றுக்குள் புதைந்து, தோல் காயாமல் இருக்கும்வரை அது தாக்குப்பிடிக்கும். மழை பெய்ததும் ஈரத் தரையில் நெளிந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். வயலில் திடீரென விரால் தென்படுவது மழையோடு வானிலிருந்து விழுந்ததால் அன்று. இதை மறந்து, பொக்லைனை இறக்கி ஏரியின் அடியைக் கரைக்குக் கரை ஒரே மட்டமாகச் சுரண்டிவிடுகிறோம். தூர்வாருவது தேவைதான். ஆனால் மதகை ஒட்டிய ஆழமான மடுவையும் அதன் சேற்றையும் அந்த ஆண்டு தொடாமல் விடும்படி, வேலை தொடங்கும் முன்பே ஊரில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த மழைக்கு முட்டையிட வேண்டிய விரால்கள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.